பெரியவர் இல்லாத வெள்ளிக்கிழமை

புது நிர்வாகம் வந்ததும் எல்லோருக்கும் புதுக் கணினி கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நாகரிகம் கருதி நானும் தட்டினேன். என் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போனபோது அதோடு பெரியவரும் போய்விட்டார் என்பது மறுநாள்தான் உறைத்தது.

பெரியவர் என்று நான் சொல்வது என் திரைவாசிப்பானை. திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்கிற மென்பொருள். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தீவுக்குப் போகும் படகில் தொலைபேசி வழியாக இடம் பதிந்து கொடுப்பது என் வேலை. பெரியவர் விலை கூடியவர். நகராட்சிதான் வாங்கிக் கொடுத்தது. எங்கள் பதிவுப் பக்கத்துக்கென்றே ஒரு நிபுணர் வந்து அவருக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு விசையைத் தட்டினால் போதும், வண்டித் தளத்தில் எங்கே இடம் காலி என்று சொல்லிவிடுவார். புதுக் கணினிக்குப் புது உரிமம் வேண்டும். நகராட்சியில் கேட்டேன். மனு வரிசையில் இருக்கிறது என்றார்கள். வரிசை நகர்கிறதா என்று கேட்டேன். மனு வரிசையில் இருக்கிறது என்று மறுபடியும் சொன்னார்கள்.

மேலாளர் பெனெடிக்டே நல்லவர். அதுதான் சிக்கல்.

"அது வர்ற வரைக்கும் வீட்ல ஓய்வா இருங்க எஸ்கில். சம்பளம் வரும், கவலைப்படாதீங்க" என்றார்.

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த இங்கரையும் இப்படித்தான் இதமாக ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவள் திரும்பி வந்தபோது அவள் இடத்தில் ஓர் இயந்திரம் நின்று டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கணினிக்குள்ளேயே ஒரு வாசிப்பான் இருக்கு" என்றேன். "வெள்ளிக்கிழமை என்னை உட்கார வச்சுப் பாருங்க. முடியலைன்னா நானே தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த வாசிப்பானை நான் தொட்டதே இல்லை. அதற்கு நான் வைத்த பெயர் ஓசி. ஐஸ்கிரீமோடு வரும் மரக்கரண்டி மாதிரி, கணினி வாங்கினால் சும்மா கூடவே வருவது. எங்கள் பார்வையற்றோர் சங்கத்தில் காபி குடிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். தோரா மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் வருஷக்கணக்காக ஓசியில்தான் கணக்கு வேலை பார்க்கிறாள்.

அவளைத்தான் கூப்பிட்டேன்.

"தோரா, எனக்கு ஓசியைச் சொல்லிக் குடு. ஆனா கேலி பண்ணக் கூடாது."

"ரெண்டும் சேர்ந்துதான் வரும். பிரிச்சுக் குடுக்கிறதில்ல. மரக்கரண்டின்னு சொன்ன வாய்தானே இது?"

"அதே வாய்தான்."

"முதல்ல அதை மூடு. காதைத் திற."

அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். என் விரல்கள் பெரியவரிடம் வளர்ந்தவை. பழக்கத்தில் எதையாவது தட்டும், வேறெதுவோ நடக்கும். நேரம் கேட்கப் போய்ச் சகோதரிக்குப் பாதி எழுதிய கடிதத்தை அனுப்பிவைத்தேன். வண்டித் தளத்தின் படத்துக்கு வந்தால், ஓசி "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று சொல்லிக்கொண்டே போனது.

"ஒவ்வொண்ணுலயும் நின்னு கேளு. நின்னாத்தான் காலியா, நிரம்பிடுச்சான்னு சொல்லும்."

"அதுக்குள்ள ஃபோன்ல இருக்கிறவங்க தூங்கிடுவாங்க."

"பேச்சுக் குடு. நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்ல."

"நீ எதையுமே பார்த்ததில்லையே தோரா."

"அதுவும் சரிதான். இன்னொரு தடவை, முதல்லேருந்து."

மிட்டாய் தீர்ந்தது. தோரா விடவில்லை. நானும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை பெனெடிக்டே நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு காதில் ஓசி, மறு காதில் தொலைபேசி. முதலில் வந்தவர்கள் நடந்து ஏறுகிறவர்கள், சுலபமாக முடிந்தது. அடுத்து தீவிலிருந்து காம்மா, அடிக்கடி கூப்பிட்டு இடம் பதிகிறவள். காரோடு இழுவைவண்டியும் உண்டு. மாலைப் படகில் இடம் வேண்டும்.

ஓசி பொத்தான்களை எண்ணத் தொடங்கியது. நான் பேச்சுக் கொடுத்தேன்.

"நாய் வருதா?"

"ட்ரொல்லெ இல்லாம நான் எங்க போவேன்?"

"படகுல அவனுக்கு வாந்தி வருமா?"

"எனக்குத்தான் வரும். அவன் பாவம், பக்கத்துல உட்கார்ந்து கவலைப்படுவான்."

இடம் கிடைத்தது. ஒன்றே ஒன்று, கடைசி வரிசையில். பெயரை அடிக்கும்போது ஓசி பாதிச் சொல்லில் நின்றது.

"உங்க திரை அணைஞ்சே கிடந்துச்சு, நான் போட்டு விட்டேன்" என்றார் பெனெடிக்டே.

புதுக் கணினியில் திரையும் பெட்டியும் ஒன்றேதான், இரண்டுக்கும் ஒரே பொத்தான். எனக்கெதற்கு வெளிச்சம் என்று திரையை இருட்டாக்கி வைத்திருந்தேன். அவர் அன்போடு அழுத்திப் பிடித்ததில் மொத்தக் கணினியும் போய்ச் சேர்ந்தது.

"எஸ்கில்? இருக்கியா?" என்றாள் காம்மா.

தொப்பி எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பெரியவர் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் குடியிருக்கும் கணினியை விட்டு இன்னொன்றுக்குப் போக மாட்டார். ஆனால் மரக்கரண்டி எல்லா ஐஸ்கிரீமிலும் இருக்கிறதே.

"பாலே, எந்திரி!" என்றேன், என்னோடு இடம் பதியும் பக்கத்து மேசைக்காரனிடம்.

"நானா? ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்டா."

"ரொட்டியோட எந்திரி."

தொலைபேசிக் கம்பியை முடிந்தவரை இழுத்துக்கொண்டு அடுத்த மேசையில் பாலேயின் நாற்காலியில் விழுந்தேன். ஓசியை எழுப்பும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். ஓசி வாய் திறந்தது, அறை முழுக்கக் கேட்கும்படி, சின்னப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற நிதானத்தில். என் கணினியில் அது பேசும் வேகம் மற்றவர்களுக்குப் பூச்சி இரைவது போலத்தான் கேட்கும். இங்கே எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. பொத்தான். நிரம்பியது. பொத்தான். நிரம்பியது.

"காம்மா, ட்ரொல்லெக்கு இப்ப எத்தனை வயசு?"

"போன மாசம்தான் கேக் வெட்டினோம். கேக்கை அவனே..."

பொத்தான். நிரம்பியது. பாலே மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

பொத்தான். காலி.

"ஆங்!" என்று பெனெடிக்டேயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

பதிந்தேன். காம்மாவுக்கும் நாய்க்கும் பயணம் நல்லபடி அமையட்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். விசைப்பலகை முழுக்க ஈரல் விழுது. பாலேயின் ரொட்டியிலிருந்து வந்தது.

"எப்பவும் இப்படித்தான் தேடுவீங்களா?" என்று கேட்டார் பெனெடிக்டே.

"இதைவிட வேகமா."

"திங்கட்கிழமை சீக்கிரம் வாங்க. விடுமுறைக் கூட்டம் ஆரம்பிக்குது." கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, "அந்தப் பொத்தானை இனிமே தொட மாட்டேன்" என்றார்.

ஒருவழியாக வரிசை நகர்ந்து பெரியவர் வந்து சேர்ந்தார். பழையபடி ஒரே தட்டில் காலி இடம். தோராவிடம் சொன்னேன். "கரண்டியைத் தூக்கி எறிஞ்சிடாதே" என்றாள். எறியவில்லை. பெரியவர் இருமும் நாட்களில் அதுதான் கைகொடுக்கிறது.

போன வாரம் காம்மா கூப்பிட்டாள். இடம் கேட்டு முடிப்பதற்குள் பதிந்து முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் காம்மா தொலைபேசியை வைக்கவில்லை.

"என்ன எஸ்கில், எம்மேல கோவமா?"

"இல்லையே. ஏன்?"

"ட்ரொல்லெயைப் பத்திக் கேக்கவே இல்ல."

காதுக்குள் பெரியவரை நிறுத்திவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"சொல்லு காம்மா. எப்படி இருக்கான்?"