பச்சை வட்டம்

புயல் போய் இரண்டு வருஷம் ஆகியும் என் மகளுக்கு மூச்சிரைப்பு போகவில்லை. அதற்குக் காரணமான ஆள் இன்று பெயிண்ட் டப்பாவோடு மறுபடி என் வாசலில் வந்து நின்றார்.

வீடுகளைச் சோதிக்கும் ஆய்வாளர். தெரு அவருக்கு வைத்த பெயர் 'வாசப்படி'. எந்த வீட்டுப் படியையும் அவர் தாண்டியதில்லை. புயல் ஓய்ந்த வாரம் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி எங்கள் சுவரில் பச்சை வட்டம் போட்டார். குடியிருக்கலாம் என்று அர்த்தம். மருத்துவ வேன், குடியிருக்கத் தகாது என்று சிவப்பு வட்டம் போட்ட வீட்டு முன்னால்தான் நிற்கும். செவ்வாய்தோறும் அது எங்களைத் தாண்டிப் போகும். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறுவேன். கொடுத்த மனுவெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"தார்ப்பாய் போட்டாச்சு, சுவர் நிக்குது. அப்புறம் என்ன?" என்றபடி பச்சை டப்பாவைத் திறந்தார்.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஜீப் தெருமுனையில் நின்றது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தவித்தார்.

"உள்ள வாங்க சார். முன்னாடி ஒழுகும். பின்னறைதான் நனையாது."

போனார். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், வயிறு குளிர்ந்தது.

உடைந்த சன்னலுக்குப் பலகை அடித்த அறை. தரையிலிருந்து கூரை வரை கறுப்புப் பூஞ்சை. என் மகள் தினமும் படுப்பது அங்கேதான்.

"ஏம்மா, கதவைத் திற!"

"குடியிருக்கலாம்னு நீங்கதானே எழுதினீங்க? கொஞ்ச நேரம் குடியிருந்து பாருங்க."

கத்தினார். போலீஸ் என்றார். பிறகு இருமல். அரை மணியில் குரல் இறங்கியது.

"சிவப்புன்னே எழுதிடறேன்மா. திற."

"எழுதிட்டுச் சொல்லுங்க."

கதவுக்கு அடியில் தாள் வந்தது. குடியிருக்கத் தகுதியற்றது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. இதை மாற்ற வேண்டுமானால் அவர் மறுபடி வந்து பார்க்க வேண்டும். வரமாட்டார். அடுத்த செவ்வாய் வேன் நின்றே ஆகவேண்டும்.

அப்போதே திறந்திருக்கலாம். மகள் தன் இன்ஹேலரோடு வந்தாள்.

"அம்மா, அவருக்கும் என்னை மாதிரியே சத்தம் வருது. இதைக் குடுக்கட்டுமா?"

பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வேண்டாம். அவருக்கு ஜீப் இருக்கு."

இன்னும் பத்து நிமிஷம் கழித்துத்தான் தாழ்ப்பாளை எடுத்தேன். அந்தப் பத்து நிமிஷமும் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.