அயூப் போட மறுத்த கையெழுத்து

விசாரணை அதிகாரி பத்ரி நீட்டிய இரண்டு தாள்களும் இந்தியில் இருந்தன. இரும்புலியூரில் பதினெட்டு வருடமாகத் தபால் கொடுக்கும் அயூப் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காணாமப்போன பதிவுத் தபால் பத்தி நேத்து நீங்க சொன்னதுதான். சைன் பண்ணுங்க," என்றார் தில்லியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த பத்ரி.

அயூப் பேனாவைத் திறந்தார். தபால்காரர் சங்கத்தின் சார்பில் துணைக்கு உட்கார்ந்திருந்த தபால்காரி அருள்மேரி, அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், அண்ணனுக்கு இந்தி தெரியாது. தமிழ்ல குடுங்க."

"பாய்க்கு இந்தி வராதா?"

"எங்க வூட்ல தமிழ்தான் சார்," என்றார் அயூப்.

"பத்து நிமிஷம் தரேன். போடலைன்னா சஸ்பென்ஷன்தான்." பத்ரி வெளியே போனார்.

"போட்டுர்றேம்மா," என்றார் அயூப். "அடுத்த மாசம் எம் பொண்ணு கைனாத்துக்கு நிக்காஹ் வச்சிகீது. சம்பந்திங்க இன்னா நெனைப்பாங்க?"

அருள்மேரிக்குப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பது வருடம் முன்பு ஜீவானந்தம் என்ற தபால்காரரும் இப்படித்தான் கையெழுத்திட்டார். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாள் என்பது வேலை போன பிறகே தெரிந்தது. அப்போதிருந்த பெரிய சங்கம், உதவி வேண்டுமென்றால் தன் தலைமைக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ மனு அனுப்பச் சொன்னது. அந்தக் கோபத்தில் பல்லாவரத்தில் ஒரு டீக்கடை மாடியில் பதினோரு பேர் கூடி, எல்லாமே தமிழில் நடக்கும் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று நாற்பது பேர். அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஜீவானந்தத்துக்கு வேலையும் திரும்பவில்லை.

"சஸ்பெண்ட் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேண்ணா," என்றார் அருள்மேரி. "ஆனா இன்னா எழுதிகீதுன்னு தெரியாம போட்டீங்கன்னா, அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

பத்ரி திரும்பி வந்தார். அயூப் பேனாவை மறுபடி எடுத்தார். தாளின் அடியில் தமிழில் எழுதினார்: 'இந்த மொழி எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கையெழுத்திடவில்லை.'

சாயங்காலமே சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது.

மறுநாளிலிருந்து நாற்பது பேரும் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பு பேட்ஜுடன் வாசலில் நின்றார்கள். பன்னிரண்டாம் நாள் அந்தத் தாள்களின் தமிழ்ப் பிரதி வந்தது. 'கடிதத்தைப் பிரித்தது நானே' என்றது மூன்றாவது வரி. அயூப் அதை இரண்டு முறை படித்துவிட்டு அருள்மேரியிடம் நீட்டினார்.

"நான் இத சொல்லவே இல்லம்மா. அந்தத் தபால் என் கட்டுலயே வரலன்னுதான் சொன்னேன்."

வேறு அதிகாரி தமிழில் விசாரித்து, அதையே எழுதிக்கொண்டார். தேடியபோது கூடுவாஞ்சேரிக்குத் தவறிப்போன ஒரு பையில், கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

அதற்குள் நிக்காஹ் முடிந்திருந்தது. சம்பந்திகள் எதுவும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்ற பயத்தில் அயூப்தான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாவது வாரம் வேலையில் சேர்ந்தார். முதல் நாள் மதியமே, சங்கத்தில் சேர இரண்டு பேரை அருள்மேரியிடம் அழைத்து வந்தார்.