பிணம் ஏறாத வண்டி

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, தண்டபாணி பட்டது அதுதான். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட சின்ன லாரி ஒன்றை, கட்டுமரத்தையும் வலையையும் விற்று வாங்கினான். எண்ணூர் உப்பளத்து மூட்டைகளை ஏற்றினான். நாலே வருஷத்தில் உப்பு, வண்டியின் அடித்தகட்டை அரித்துவிட்டது. டயருக்கே பாதி சம்பாத்தியம் போயிற்று. ஸ்பிரிங் பட்டை முறிந்தபோது பெண்டாட்டி புஷ்பவல்லியின் கம்மலும் போனது. பாவி வண்டி! இதைத் தலைமுழுகிவிட்டு மறுபடி கட்டுமரமே வாங்கலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

வாங்க வந்த ஹுமாயூன், கல்யாண ஊர்வலங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவன்.

"துருவ நான் பாத்துக்கறேன் நைனா. பொணம் ஏத்தினியா, அத மட்டும் சொல்லு. பொணம் ஏறின வண்டில எவன் மாப்ளைய ஒக்கார வெப்பான்? அப்பறம் இரும்பு வெலதான்."

"கண்ணாண இல்ல பாய்."

ஆயிரத்து நானூறுக்குப் பேசி முடித்து, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனான்.

வியாழன் மத்தியானம், ஏழு மாதக் கர்ப்பிணியான புஷ்பவல்லிக்கு உதிரம் கொட்ட ஆரம்பித்தது. திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்து ஆஸ்பத்திரி நாலு மைல். வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. தண்டபாணியின் அக்காள் செல்லம்மா அதன் கதவைத் திறக்க ஓடினாள்.

"வோணாங்கா," என்றாள் புஷ்பவல்லி. உதடு வெளுத்திருந்தது. "வழியில எனுக்கு எதுனா ஆயிட்ச்சின்னா அந்தாளு வாங்க மாட்டான். ரிக்ஷா இட்டுகினு வாங்க."

"வாயக் கழுவுடி! டேய், நீயாவது சொல்லேண்டா!"

தண்டபாணி அவளை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்திருக்கலாம். ஆயிரத்து நானூறு கண்ணை மறைத்தது, வேறென்ன? தான் சொல்லக் கூசியதை அவளே சொல்லிவிட்டாள் என்று உள்ளூர நிம்மதிகூடப் பட்டான், பாவி.

"அவ சொல்றதும் கரீட்டுதானக்கா," என்றுவிட்டு ரிக்ஷாவுக்கு ஓடினான்.

கை ரிக்ஷா கிடைக்கவே அரை மணி ஆனது. இழுத்தவன் வயசாளி, தண்டபாணி பின்னாலிருந்து தள்ளினான். பாதி வழியில் ரயில்வே கேட் சாத்திவிட்டார்கள். கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் நின்று நின்று நகர்ந்தது. செல்லம்மாவின் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்த புஷ்பவல்லி, கேட் தூக்குவதற்குள் அடங்கிப்போனாள்.

டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டுக் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதாப்பா?"



"மூலக்கொத்தளம் சுடுகாடு கிட்டத்துலதான் கீது. பாடை தூக்க ஆள் சொல்லுடா," என்று செல்லம்மா விம்மினாள்.

"எவனும் வோணாம். என் பொண்டாட்டிய நானே இட்டுகினு போறேன்."

பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். லாரியைக் கிளப்பிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். இறங்கி ஓடி வந்தான். அக்காளின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"வூட்லேர்ந்து இங்க வர கால் மணிகூட ஆவலக்கா!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கதறினான். "கால் மணிகூட ஆவல!"