பஞ்சநதம் வீட்டுச் சிக்கனம்

நாளொன்றுக்கு மூன்று மணி நாற்பது நிமிடம். பஞ்சநதம் வீட்டில் காற்றாடி சுற்ற அனுமதிக்கப்பட்ட நேரம் அவ்வளவுதான். மீதி நேரத்துக்கு ஒரு பனையோலை விசிறி இருந்தது. வீட்டுக்கே ஒன்று.

தாராசுரத்துக்குத் தெற்கே, இரண்டு வேலி நிலமும் மாடி வீடும் உள்ள மனிதர். அக்னி நட்சத்திரம் பிறந்ததும் அவருக்கு நாட்டுப்பற்றும் கூடவே பிறந்துவிட்டது. ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கினார். மனைவி தர்மாம்பாள் அதற்குள் உளுந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டாள். மிக்ஸி பரணுக்குப் போனது. மீட்டர் பெட்டிக்கு முன்னால் காலையும் மாலையும் நின்று, சாமி கும்பிடுகிறவரைப் போலக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார்.

பம்புசெட்டுக்கு மட்டும் கரண்ட் இலவசம். அங்கே மீட்டர் கிடையாது. அதனால் அதைப் பற்றிப் போதனையும் கிடையாது.

மருமகள் ஷோபனா இயற்பியல் படித்தவள். பேச்சில் சிக்கனம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. பிரசவத்துக்கு மன்னார்குடியில் அம்மா வீட்டுக்குப் போனவள், ஐந்து மாதப் பிள்ளையோடு இந்த வெயிலில்தான் திரும்பியிருந்தாள். வந்து பார்த்தால், அவள் அறைச் சுவரில் ஏசி இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகளும் வெள்ளைக் கட்டமும்தான் இருந்தன. அவள் அப்பா சீராகக் கொடுத்த ஏசி; உள்ளே மாட்டும் பெட்டிக்கும் வெளியே மாட்டும் பெட்டிக்கும் அம்மா குங்குமம் வைத்து அனுப்பியது.

"ரிப்பேரும்மா" என்றார் பஞ்சநதம். "கும்பகோணத்துல மெக்கானிக்கிட்ட கிடக்கு. ஸ்பேர் வரணும்."

ஒரு கோடைகூட முழுதாக ஓடாத ஏசி எப்படிப் பழுதாகும் என்று கேட்டிருக்கலாம். ஷோபனா கேட்கவில்லை. மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்த கணவன் அரவிந்தனிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பா சும்மா சொல்ல மாட்டாரு. நாங்க எல்லாம் ஏசியிலயா வளந்தோம்?" என்றான் அவன். அவனுக்குப் பின்னால் ஜன்னல் திரை குளிர்காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பஞ்சநதம் தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் வயலுக்குக் கிளம்பிவிடுவார். "மோட்டார் கொட்டகைக்குப் போறேன். குறுவை நாத்தங்கால் காயுது." வெயில் தாழ்ந்த பிறகுதான் திரும்புவார். வீட்டுக்குள் இருந்தவர்களின் துணியைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். வயலிலிருந்து வந்தவரின் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும். வந்ததும் தும்முவார்.

"வெயில்ல காஞ்சு காஞ்சு மனுஷனுக்குச் சளி புடிச்சிருச்சு" என்று தர்மாம்பாள் மிளகுக் கஷாயம் வைப்பாள்.

போகும்போது தோளில் ஒரு கம்பளிப் போர்வையும் இருக்கும். எதற்கென்று தர்மாம்பாள் கேட்டதற்குக் கொசு என்றார். சித்திரை உச்சி வெயிலில் கொசுகூட வெளியே வராது.

பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பிறகு காதுக்குப் பின்னால் ஒரு வேனல் கட்டி. ஒரு மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் காரை எடுக்கச் சொல்ல மாமனாருக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வரப்பில் ஓடினாள்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் விழவில்லை. ஆனால் ஏதோ ஒன்று சீராக உறுமிக்கொண்டிருந்தது. சத்தம் வந்த பின்பக்கம் போனாள். சுற்றிலும் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் புல் பச்சைப் பசேலென்று நின்றது. அண்ணாந்து பார்த்தாள். கதவைத் தட்ட வந்தவள் தட்டாமல் திரும்பிவிட்டாள்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கும்பகோணம் போனாள். டாக்டரம்மா பிள்ளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குளுமையான எடத்துல படுக்க வைங்க. இது பெருசானா கீறித்தான் எடுக்கணும்" என்றார்.

இரவு அதைச் சொன்னதும் பஞ்சநதம் சிரித்தார். "அவங்களுக்கு என்ன, ஏசியில உக்காந்துகிட்டுச் சொல்லுவாங்க. விசிறிவிடும்மா. கைக்கும் பயிற்சி." பிறகு தும்மினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கல்யாண மண்டபத்தில் மின்சிக்கனக் கூட்டம். விவசாயிகள் சங்கச் செயலாளர் அன்பரசன் ஏற்பாடு. தலைமை வேறு யார்? முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தலைவர் முதலில் மண்டபத்துக் காற்றாடிகளை நிறுத்தச் சொன்னார்.

"ஏங்க, சிக்கனத்தைக் கொஞ்சம் காத்து வாங்கிக்கிட்டே கேக்கக் கூடாதா?" என்றாள் முன்வரிசையில் இருந்த வைரக்கண்ணு, முந்தானையால் விசிறிக்கொண்டே.

பஞ்சநதம் அதைக் காதில் வாங்கவில்லை. "கரண்ட்டுங்கறது காவேரித் தண்ணி மாதிரி. மேல உள்ளவன் வாரிக் குடிச்சா கடைமடை காயும். முறை வச்சுத்தான் பாய்ச்சணும். எங்க வீட்டையே பாருங்க. ஏசி கிடையாது!"

"ஏசி வச்சிருந்தீங்களே, மாடியில?" என்றாள் வைரக்கண்ணு.

"எடுத்தாச்சு. சந்தேகம்னா என் மருமகளைக் கேளுங்க. ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணு. பொய் வராது." அவளிடம் குனிந்து, "ரெண்டு வார்த்தை போதும்மா" என்றார்.

ஷோபனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்தபடி மைக்கை வாங்கினாள். அது கீச்சிட்டது. உட்கார்ந்துவிடலாமா என்றுகூட இருந்தது. பிள்ளை சிணுங்கிக்கொண்டு கழுத்தை அவள் தோளில் தேய்த்தது. கட்டியின் சூடு ரவிக்கையைத் தாண்டிச் சுட்டது.

"மாமா சொல்றது நெசந்தான். எங்க வீட்டுல ஏசி இல்ல."

கைதட்டினார்கள். பஞ்சநதம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளையைக் குளுமையான எடத்துல படுக்க வைக்கச் சொல்லியிருக்காங்க டாக்டர். ஊர்ல அப்படி ஒரு எடம் எனக்குத் தெரியும்."

பஞ்சநதம் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"எங்கப்பா சீரா குடுத்த ஏசி மெக்கானிக்கிட்ட இல்லீங்க. மாமாவோட மோட்டார் கொட்டகையில ஓடுது, பம்புசெட்டு கரண்ட்டுல. எங்கம்மா வச்ச குங்குமம்கூட இன்னும் அழியல."