நாற்பது நாள், ஒரு மயக்கம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். டாக்டர் புருயிட் புதன்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். வெள்ளி மதியம் ஒரு மணிக்குக் கடிதத்தை அனுப்ப உட்கார்ந்தேன்.

ஹார்லன் ஃபோர்க்கில் அவருடைய கிளினிக்கின் வரவேற்பு ஜன்னலில் நான் இருபத்து மூன்று வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். மாவட்டத்திலேயே எலும்பையும் தசையையும் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி டாக்டர் அவர் ஒருவர்தான். மருந்தும் எழுதுவார். ஆனால் முதலில் கை வைத்துப் பார்ப்பார். முதுகு வலிக்காரர்கள் இங்கேதான் வருவார்கள்.

அந்தப் பரிந்துரைக் கடிதம் மார்னி ஸ்ட்ரூப்புக்காக. தீவனக் கடையில் வேலை, வயது இருபத்தைந்து. போன வருடம் பதினோரு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். பதினொன்றும் வேண்டாம் என்றன. ஆஸ்டியோபதி டாக்டர் ஒருவரின் கடிதம் இல்லாதது குறை என்று ஒரு கல்லூரி சொன்னது. அதனால் இந்த வருடம் நாற்பது நாள் டாக்டரின் பின்னாலேயே நின்று அவர் வேலையைக் கவனித்தாள். இதுவும் இல்லையென்றால் தீவனக் கடைதான் என்று அவளே சொல்லிவிட்டாள்.

டாக்டர் கணினியைத் தொடமாட்டார். சின்ன டேப்பில் பேசி என் மேஜையில் வைப்பார். மார்னிக்காகப் பேசியது இது:

"மார்னி ஸ்ட்ரூப் நாற்பது நாள் என்னுடன் இருந்தாள். வாய் ஓயாது. இரண்டாம் நாள் ஒருவர் கட்டைவிரலில் தூண்டில் முள்ளைப் பார்த்து மயங்கி அவர் மேலேயே விழுந்தாள். மாட்டு வைத்தியத்துக்குத் தேறுவாளா என்பதே சந்தேகம். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாள். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்."

நான் தட்டச்சு செய்தது: "மார்னி ஸ்ட்ரூப் நாற்பது நாள் என்னுடன் இருந்தார். கனிவும் நிதானமும் கொண்டவர். காலந்தவறாதவர். முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன்."

எப்போதும் அப்படித்தான். அவர் பேசுவார், நான் துடைப்பேன், அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். கனிவும் நிதானமும் இதுவரை பலருக்குப் போயிருக்கின்றன.

கடிதம் அனுப்பும் இணையப் பக்கம் மார்னியின் விண்ணப்ப எண்ணைக் கேட்டது. எண் அவள் ஆகஸ்டில் கொடுத்த கோப்பில் இருந்தது. கோப்பு காபி இயந்திர மேஜையின் காலுக்கு அடியில் முட்டாக இருந்தது. அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை.

கோப்பில் எண்ணுக்குக் கீழே அவள் கல்லூரிகளுக்கு எழுதிய கட்டுரை. முதல் வரி: "இரண்டாம் நாள் நான் மயங்கி ஒரு நோயாளியின் மேல் விழுந்தேன். இதை டாக்டர் புருயிட் உங்களுக்குச் சொல்லியிருப்பார்."

அவர் சொல்லியிருந்தார். நான்தான் சொல்லவில்லை.

கட்டுரை முழுவதும் அந்த மயக்கம்தான். விழுந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதும், டாக்டர் பத்து நிமிடம் பேசாமல் தலையைக் கையில் ஏந்தியிருந்ததும், பிடிப்பு விட்டதும், இந்தப் படிப்புதான் என்று அப்போது முடிவு செய்ததும். என் கடிதத்தில் ஒரு நிதானமான பெண் காலந்தவறாமல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறவர்கள் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்பார்கள். அது நானாக இருக்கும் என்று நினைக்கமாட்டார்கள்.

மார்னிக்கு போன் செய்தேன்.

"உன் கட்டுரையை இப்ப மாத்த முடியுமாம்மா?"

"அது போய் மூணு மாசம் ஆச்சு லோயிஸ் அக்கா. ஏன், கடிதத்துல ஏதாவது…"

"எந்தக் கடிதம்?"

"ஐயோ, சொல்லாதீங்க! கடிதத்தைப் பாக்கமாட்டேன்னு விண்ணப்பத்துல டிக் போட்டிருக்கேன். என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க!"

"நான் சொல்லலியே."

"உங்க குரல் சொல்லுது!"

வைத்துவிட்டாள்.

காத்திருக்கும் அறையில் விர்ஜில் ஹாப்ஸ் மட்டும் இருந்தார். சோளம் போடுகிறவர். டாக்டர் இல்லாத நாட்களிலும் வருவார், காபிக்காக. முள் மாட்டியது அவர் கட்டைவிரலில்தான்.

"விர்ஜில், டாக்டர் எங்க மீன் பிடிக்கிறாரு?"

"அதச் சொன்னா அவர் அப்புறம் என் முதுகைத் தொட்டுப் பாக்கமாட்டாரு."

"மார்னி சேதி இது."

விர்ஜில் கோப்பையை வைத்தார். "உன் கார் அந்தச் சேத்துல இறங்காது. என் வண்டியில வா."

கிளினிக்கின் பெயர் அச்சிட்ட வெற்றுத்தாள் நான்கை எடுத்துக்கொண்டேன். டேப்பையும் எடுத்துக்கொண்டேன். ஜன்னலில் "வருகிறேன்" என்று எழுதி ஒட்டினேன்.

நாற்பது நிமிடப் பாதை. டாக்டர் மடக்கு நாற்காலியில், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமல் பேசினார்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல டாக்டர்."

"பின்ன எதுக்கு ரெண்டு பேர்?"

என் கடிதத்தை நீட்டினேன். இருபத்து மூன்று வருடத்தில் அவர் படித்த முதல் கடிதம் என்று நினைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாரு, கனிவும் நிதானமும்?"

"அது… நான் போடறது."

"தெரியும். என் தங்கச்சி மகனுக்கும் போட்டே. ஷெரீஃப் காரை எடுத்துக்கிட்டு ஐஸ்க்ரீம் வாங்கப் போனானே, அவனுக்கு."

"தெரியுமா?"

"என் பேர்ல போற கடிதம் எனக்குத் தெரியாதா? எல்லாரும் எனக்கு நன்றி சொல்றாங்க. நான் பேசினத அனுப்பியிருந்தா ஒருத்தனாவது சொல்லியிருப்பானா?"

விர்ஜில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கட்டுரையைக் கொடுத்தேன். அதை இரண்டு முறை படித்தார்.

"இந்தத் தடவை வெட்டமாட்டேன் டாக்டர். டேப்புல இருக்கறத அப்படியே, ஒரு வார்த்தை விடாம அடிச்சு அனுப்பறேன்."

அவர் முகம் மாறியது.

"மாட்டு வைத்தியமுமா?"

"நீங்கதானே சொன்னீங்க."

"உனக்காகச் சொன்னது லோயிஸ். நீ வெட்டுவேன்னு தெரியும். வெட்டறதுக்கு ஏதாவது போடணுமில்ல?"

"இருபத்து மூணு வருஷமாவா?"

"முதல் வருஷம் நல்லபடியாத்தான் சொன்னேன். அதையும் பாதியாக் குறைச்சே. அப்புறம்தான் நீ வெட்டறதுக்குன்னே கூடச் சேத்துப் பேசினேன்."

தூண்டில் மிதவை அமிழ்ந்தது. யாரும் இழுக்கவில்லை.

"சரி, இப்ப வெட்டமாட்டேன்" என்றேன். "என்ன சொல்லணுமோ அதச் சொல்லுங்க. மணி ரெண்டரை."

விர்ஜில் விதைக் கம்பெனி கொடுத்த குறிப்பேட்டை நீட்டினார். டாக்டர் ஆற்றைப் பார்த்தார். நேராகப் பேசுவது அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"நாற்பது நாள். வாய் ஓயாது. அத வச்சுக்கோ. நோயாளிகளுக்கு அது பிடிச்சிருந்தது, எனக்குத்தான் பிடிக்கல. மயங்கினா. அதையும் வச்சுக்கோ." நிறுத்தினார். "விர்ஜில், அன்னிக்கு அவ விழுந்தப்ப கத்தித் தட்டு எங்க இருந்தது?"

"என் மடிக்கு நேர மேல. ஸ்டாண்டுல."

"மடியில விழுந்துதா?"

"எங்க விழுந்துது? அவ இடது கையால தள்ளிவிட்டா. சுவர்ல போய் மோதிச்சு. அதுக்கப்புறம்தான் அவ என் மேல விழுந்தா. நல்ல கனம்."

"எழுது லோயிஸ். கண்ணு சொருகிடுச்சு, முட்டி மடங்கிடுச்சு. கை மட்டும் வேலை பாத்துக்கிட்டு இருந்தது. மயக்கம் ஒரு வருஷத்துல சரியாப்போயிடும். எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தக் கையை யாரும் சொல்லித்தர முடியாது. மறுநாள் ஏழு மணிக்கு வந்து நின்னா. இவளை எடுத்துக்கோங்க."

"'வேணும்னா' இல்லையா?"

"இல்ல."

எழுதிக்கொண்டேன். கையெழுத்து வேண்டும். கணினியும் அச்சு இயந்திரமும் கிளினிக்கில். டாக்டர் ஒரு வெற்றுத்தாளை வாங்கி, மீன் பெட்டி மூடியின் மேல் வைத்து, அடியில் கையெழுத்துப் போட்டார். பட்டத்தையும் சேர்த்தார்.

"படிக்காம இத்தனை வருஷம் போட்டேன்னு நினைச்சே. இப்பத்தான் நிஜமாவே அப்படிப் போடறேன்" என்றார். "ஒரு வரி கனிவு உள்ள வந்துதுன்னா, திங்கக்கிழமை எனக்குத் தெரிஞ்சிரும்."

திரும்பும் வழியில் ஒரு அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. ஓட்டியவர் விர்ஜிலின் மைத்துனர். விர்ஜில் கண்ணாடியை இறக்கி மைத்துனரின் அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒன்றை நான் எழுதவில்லை. அவர் ஓரம் ஒதுங்கினார்.

நான்கு நாற்பதுக்கு அனுப்பினேன். வெட்டவில்லை. "நல்ல கனம்" மட்டும் போடவில்லை. அது டாக்டர் சொன்னதல்ல.

மார்ச்சில் ஒரு காலை மார்னி ஜன்னலுக்கு வந்தாள். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள்.

"சீட்டு கிடைச்சிருச்சு அக்கா."

எழுந்து போய்க் கட்டிக்கொண்டேன். டாக்டர் அறைக்கதவைக் கொஞ்சம் திறந்து, எட்டிப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"நேர்காணல்ல முதல் கேள்வி என்ன தெரியுமா?" என்றாள். "'அந்தத் தூண்டில்காரர் விரல் எப்படி இருக்கு?' அப்புறம் ஒருத்தர் என் இடது கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கையை ஏன் பாக்கணும்? நான் எழுதினதுல கையே வரலியே. தட்டு சுவர்ல மோதினதுகூட எனக்கு ஞாபகம் இல்ல, விர்ஜில் சொல்லித்தான் தெரியும். கடிதத்துல இருந்துதா?"

"எந்தக் கடிதம்?"

"சரி சரி. சொல்லாதீங்க."

விர்ஜில் தன் நாற்காலியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "நல்லா இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னைப் பத்தி வேற என்ன கேட்டாங்க? பேரு கேட்டாங்களா?"

"இல்லையே."

விர்ஜில் என் பக்கம் திரும்பினார். "பேரு போடலியா லோயிஸ்?"

"நோயாளி பேரு போடக் கூடாது விர்ஜில்."

"அப்ப என்னன்னு போட்டே?"

"'ஒருவர்'னு."

அன்றைக்கு அவர் காபி குடிக்காமல் போனார்.