பக்கத்துக் கடைக்காரரின் சாட்சி
உறையூர் கடைவீதியில் பிலோமின்ராஜின் ஜெராக்ஸ் கடைக்குக் காலை பத்து மணிக்கே கூட்டம் வந்துவிடும். அன்று பக்கத்து மாவுக் கடை ஜோதியும் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு காப்பி போடுங்கண்ணே. பேங்க் லோனுக்கு. பெரிய கிரைண்டர் வாங்கணும்."

"அடமானம் எதை வைக்கப் போற?"

"எங்கிட்ட என்னண்ணே இருக்கு வைக்க? அரசாங்கமே உத்தரவாதம் குடுக்குற திட்டம் இருக்காம். அதுல போட்டிருக்கேன்."

பிலோமின்ராஜுக்கு வயிறு எரிந்தது. இந்த ஜெராக்ஸ் மிஷினுக்காக வீட்டுப் பத்திரத்தைக் கந்துவட்டிக்காரனிடம் கொடுத்தவன் அவன். மனைவி லூர்துராணியின் சங்கிலியும் கூடவே போனது. பேங்க் படியேறி ஒரு வார்த்தை விசாரிக்க அன்று அவனுடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டான். நேற்று முளைத்த மாவுக் கடைக்கு அரசாங்கம் ஜாமீனா? அன்று முதல் அவள் கடையில் நிற்கும் ஒவ்வொரு தூக்குவாளியும் அவன் கண்ணை உறுத்தியது.

அடுத்த வாரம் பேங்க் அதிகாரி ஹனீஃபா மாவுக் கடையைப் பார்க்க வந்தார். ஜோதி ஓட்டல்களுக்கு மாவு கொடுக்கப் போயிருந்ததால் கடை பூட்டியிருந்தது. அவர் பிலோமின்ராஜிடம் வந்தார்.

"இந்தக் கடையை ஒழுங்காத் திறக்குறாங்களா சார்?"

"மாசத்துல பாதி நாள் பூட்டுதாங்க. யாவாரமே கிடையாது," என்றான் கூசாமல்.

ஹனீஃபாவின் முகம் சுருங்கியது. "அப்ப சிபாரிசு பண்ண முடியாது. யாரை விசாரிக்கலாம்னு அந்தம்மாகிட்டயே போன்ல கேட்டேன். 'பக்கத்துக் கடை அண்ணனைக் கேளுங்க சார், எனக்குக் கூடப்பொறந்தவர் மாதிரி'ன்னாங்க. அதான் வந்தேன்." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பிலோமின்ராஜுக்குச் சுருக்கென்றது. தினமும் அவன் கடை திறக்க வரும்போது ஜோதி பாதி மாவை விற்றே முடித்திருப்பாள். அவளா கடையைப் பூட்டுகிறவள்? கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினான்.

"சார், நில்லுங்க! நான் சொன்னது பொய். அந்தப் பொண்ணு தீபாவளிக்குக்கூட லீவு விடாது சார். நான் வீட்டுப் பத்திரத்தை வட்டிக்காரன்கிட்ட வச்சுத்தான் மிஷின் வாங்குனேன், அவளுக்கு அடமானமே இல்லாமக் கிடைக்குதேங்கிற எரிச்சல்ல சொல்லிட்டேன்."

ஹனீஃபா வண்டியை நிறுத்தினார். "இது இனாம் இல்லீங்க. வாங்குனவங்க கட்டித்தான் ஆகணும். சொத்து இல்லாதவங்களும் தொழில் பண்ணட்டும்னு அரசாங்கம் பொறுப்பு ஏத்துக்குது. நீங்களும் வந்து விசாரிச்சிருக்கலாமே?"

"விசாரிக்காம விட்டது என் தப்பு சார். அதுக்கு அவ பொழப்பைக் கெடுக்கப் பாத்தேன்." பிலோமின்ராஜ் ஜோதியின் பூட்டிய கடையைத் திரும்பிப் பார்த்தான். "முகம் தெரியாத அரசாங்கமே அவளை நம்பி ஜாமீன் நிக்குது. தினமும் அவ உழைப்பைப் பாக்குற நான், ஒரு உண்மையைச் சொல்லக்கூட மனசில்லாம நின்னேனே சார்!"