மூன்று முறை பெயர் சொல்லி

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஆனாலும் குடியரசு தினத்துக்கு முந்தின ராத்திரி அணிக்குப் பத்துப் பேர், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கோல் மாற்றி, அந்த ஐம்பத்திரண்டு மைலையும் ஓடியே கடக்க வேண்டும் என்று அரிசி மில் கோதண்டராமனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு அவர் வேலை முடிந்தது. ஓடுகிற வேலைதான் மற்றவர்களுக்கு.

அவர் இளைஞர் தேகப் பயிற்சிக் கழகத்தின் தலைவர். கழகத்தில் அவரைவிட இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் அளவுக்குத் தேகம் உள்ளவர்கள்தான் யாருமில்லை. வேலூர் அணிக்கும் திருவண்ணாமலை அணிக்கும் இடையே இரண்டாம் வருஷப் போட்டிக்காக, 1959 ஜனவரியில், அவர் விதிமுறைப் புத்தகம் ஒன்றை அச்சடித்தார். முதல் ஆறு விதிகள் தலைவருக்கு மாலை போடுவது யார், எந்த இடத்தில், எந்த வரிசையில் என்பது பற்றியவை. ஏழாவதில்தான் ஓட்டம் ஆரம்பமாயிற்று.

'கோல் கொடுப்பவர், வாங்குபவரின் பெயரை மூன்று முறை உரக்கக் கூவ வேண்டும். வாங்குபவர் தம் பெயர் காதில் விழுந்த பிறகே கை நீட்ட வேண்டும்.'

இந்த விதிக்கு நியாயம் இருந்தது. முதல் வருஷம் கண்ணமங்கலத்துக்கு அருகே, கும்மிருட்டில், திருவண்ணாமலை ஆள் ஒருவன் மூங்கில் கோலைச் செம்போடு ஒதுங்க வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். வாங்கியவர் மரியாதை தெரிந்த மனிதர். நீட்டியதை மறுக்கக் கூடாதென்று வாங்கிக்கொண்டு, உரியவர் வந்து கேட்பார் என்று விடிகிற வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறார்.

ஓடுகிறவர்கள் பட்டியலை வாசித்தபோது அடி அண்ணாமலை விவசாயி இருசப்பன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். எட்டாவது ஆள், பெரிய கோயில் மௌலி குருக்கள். ஒன்பதாவது ஆள், அவன். பத்தாவது ஆள் தலைவரின் மாப்பிள்ளை சாம்பமூர்த்தி. அவருக்குக் கடைசி ஒரு மைல், பாண்டு வாத்தியமும் போட்டோக்காரரும் காத்திருக்கிற மைல்.

"தலைவரே, மௌலியும் இருசப்பனும் பேசிக்கிறதில்லீங்க. பத்து வருஷமாச்சு," என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள்.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார் கோதண்டராமன். "ஆலயமும் வயலும் கை கோத்தன! பேப்பர்ல இப்படியே போடச் சொல்லிடறேன்."

பத்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு, ஒரே ஓட்டம். மலையைச் சுற்றி ஒன்பது மைலை ஒரே மூச்சில் ஓடிவிட்டு, ஒரே செம்பில் தண்ணீர் குடிக்க ஆசாரம் இடம் கொடுக்காததால் மௌலி ஊற்ற இருசப்பன் கையேந்திக் குடிப்பான். மௌலியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிற மாப்பிள்ளை வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர இருசப்பனின் வில்வண்டி என்று ஏற்பாடு. வழியில் மாட்டுக்கு லாடம் கழன்றது. அவன் போய்ச் சேர்ந்தபோது சம்பந்திகள் டிரங்குப் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி தூரம் நடந்து வந்திருந்தார்கள். முகங்களைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவன் வாயோ அவனுக்கு முன்னால் ஓடுகிற வாய்.

"சம்பந்திங்களுக்குக் கால் இல்லியா? நாலு எட்டு நடந்தா தேஞ்சா பூடும்?"

தெருவே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. மௌலியும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

அதற்கப்புறம் இருசப்பன் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனான். பக்தி என்று ஊர் நினைத்தது. அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு, மௌலி நிற்கிற பக்கமாகப் பார்த்துப் போய் நிற்பான். முன்னால் நிற்கிறவர்களிடம் மௌலி, "பேர் என்ன? நட்சத்திரம்?" என்று கேட்டு, கேட்ட பெயரைக் கணீரென்று சுவாமி காதில் போடுவான். செட்டியார், தாசில்தார், விழுப்புரத்து யாத்திரைக்காரர், யாரென்றே தெரியாத யாரோ, எல்லார் பெயரும் அந்த வாயில் வரும். இருசப்பன் தட்டை நீட்டினால், அவன் வாய் திறப்பதற்குள், "சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று விளக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு மந்திரத்தை ஆரம்பித்துவிடுவான். பத்து வருஷமாக இருசப்பன் செலவில் அண்ணாமலையார் தம் பெயருக்கே அர்ச்சனை செய்துகொண்டு வந்தார்.

இப்போது ஏழாவது விதி வந்திருக்கிறது. மூன்று முறை. உரக்க.

"என்னா, தூங்கலியா?" என்றாள் அவன் பெண்டாட்டி வேதா, ஓட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி.

"அவன் என் பேரைச் சொல்லித்தான் ஆவணும் வேதா. அச்சடிச்ச சட்டம்."

"நான்கூடதான் கட்டிக்கினு வந்த நாளா உங்க பேரைச் சொன்னதில்ல. அதுக்கு ஒரு நாளாவது இப்படி ஏங்கியிருப்பீங்களா?"

இருசப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் கழகத்து ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அவரவர் இடத்தில் அவரவரை இறக்கிவிட்டுக்கொண்டே வேலூர் போய்ச் சேர வேண்டும். இடம் போதாமல் மௌலியின் முழங்கால் இருசப்பனின் முழங்காலில் இடித்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேலியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டில் தலைவர் அன்றிரவு வேலூரில் ஆற்றவிருந்த சொற்பொழிவை ஜீப்புக்கு ஆற்றிக்கொண்டு வந்தார். கலசபாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இருசப்பன் இறங்கினான். 'வரேன்' என்று பொதுவாகச் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மௌலி போளூர்ப் பக்கம் பார்த்தபடி போனான்.

புளியமரத்தடியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு டிரில் மாஸ்டர் அப்பாசாமி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்துக்கு அவர்தான் நடுவர். தலையைச் சுற்றி மப்ளர், மடியில் நோட்டுப் புத்தகம். வேலூர் அணியின் ஒன்பதாவது ஆள் ஆதிமூலம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். இரண்டு மணிக்குக் கோல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாயிற்று, மூன்றாயிற்று, நாலாயிற்று. வேலூர்க் கோட்டை வாசலில் பேச ஆரம்பித்த தலைவர் சேர சோழ பாண்டியரைத் தாண்டி மகாபாரதத்துக்குள் போய்விட்டதாக, அந்த வழியாக வந்த லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போனான்.

இருசப்பனுக்கு நேரம் ஆகிறதே என்ற கவலை இல்லை. வருகிற ஒலிக்காகக் காதைத் தயாராக வைத்திருந்தான். பழைய மாதிரி 'இருசா' என்று கூப்பிடுவானா, பட்டியலில் இருக்கிற மாதிரி முழுசாகவா? முழுசாக என்றாலும் பரவாயில்லை. மூன்றில் ஒன்றாவது கொஞ்சம் நீட்டி வராதா?

ஐந்து மணி சுமாருக்கு ரோட்டில் காலடி கேட்டது. வெறுங்கால். அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். இடது கால் கொஞ்சம் அழுத்தி விழும்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குள் மௌலி வந்தான். வேட்டியை வரிந்து கட்டியிருந்தான், குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. வேலூர்க்காரன் ஒரு பர்லாங்குக்குப் பின்னால் இருந்தான். மௌலி மூச்சு வாங்கிக்கொண்டே இருசப்பன் முன்னால் வந்து நின்று கோலை நீட்டினான். வாய் திறக்கவில்லை.

"குருக்களே, பேரு!" என்றார் அப்பாசாமி.

"இவர்தானே அடுத்த ஆள்? குடுத்துட்டேன்."

"ரூல் ஏழு. மூணு தபா கூவணும்."

மௌலி கோலை இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளினான். இருசப்பன் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து வேலூர்க்காரன், "ஆதிமூலம்! ஆதிமூலம்! ஆதிமூலம்!" என்று முதலை வாயில் கால் கொடுத்த யானை மாதிரி அலறிக்கொண்டு வந்தான். ஆதிமூலம் வேர்க்கடலையைத் துப்பிவிட்டு, கோலைப் பிடுங்கிக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டான்.

"ஐயையோ, பூட்டான்யா!" என்று அப்பாசாமி குதித்தார். "இந்தா இருசப்பா, நான் கேட்டதா எழுதிக்கிறேன். வாங்கிக்கினு ஓடு. எவன் பாக்கப் போறான்?"

"எனக்குக் கேக்கல சார்."

"இன்னாய்யா இது, ரெண்டு பேரும் கொயந்தைங்களா?"

"எனக்குக் கேக்கல."

மௌலி அப்பாசாமியின் பக்கம் திரும்பினான். "சார், அவர்கிட்ட சொல்லுங்கோ. எங்க சம்பந்திகளுக்குக் கால் இருந்தது. நடந்துதான் வந்தா. வந்ததோட விடலை. என் தங்கை வடிவாம்பாள் ஏதாவது வேலைக்குக் கொஞ்சம் உக்காந்தாக்கூட, 'ஏன், உனக்குக் கால் இல்லியா?'ங்கறா மாமியார். இந்தப் பொங்கலுக்கு வந்தப்பகூடச் சொல்லி அழுதா. பத்து வருஷம் கழிச்சும் அந்தாத்துல அந்தப் பேச்சு ஓயலை. அவருக்கு அது அன்னிக்கே மறந்து போயிருக்கும்."

இருசப்பனுக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு விழுப்புரம் போய், ஒரு வீட்டுச் சமையற்கட்டில் பத்து வருஷமாகக் குடியிருக்கிறது என்பது தெரியாது. அவன் இத்தனை நாளாகத் தன் நஷ்டத்தை மட்டுமே நினைத்து உருகிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை தட்டோடு போய் நின்றபோதெல்லாம் எதிரில் நின்றவனுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கையை நீட்டினான்.

"எழுதிக்கோங்க சார். கேட்டுச்சு."

கோல் மௌலியின் வேர்வையில் ஈரமாக இருந்தது. வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கிற்று. தலைவரின் விதி, ஆலயம், வயல், கேட்க வேண்டிய பெயர் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். நாற்பது ஐம்பது எட்டு போயிருப்பான்.

"டேய்!"

கால் தடுக்கியது. நிற்கவில்லை.

"டேய்! பாலத்தண்ட எடது பக்கம் ஜல்லி கொட்டியிருக்கான்! பாத்துப் போடா!"

சாயங்காலம் ஜீப் அந்த ஜல்லியைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. அப்போது இருசப்பன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்து வேலியைத்தான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மௌலிக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது.

பெயர் வரவில்லை. மூன்று முறை வேண்டாம், ஒரு முறைகூட வரவில்லை. இனிமேலும் வருமோ வராதோ. இருசப்பன் காதை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டே ஓடினான். காற்றையும் தன் மூச்சையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தூரத்தில், விடிவதற்கு முந்தின கருக்கலில், மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது.

பாலம் வந்தது. இடது பக்கத்தில் ஜல்லி கிடந்தது, ரோட்டின் ஓரத்தில், இரண்டடிக்கு மேல் இல்லை. நடு ரோட்டில் நேராகவே போயிருக்கலாம். முன்னால் ஓடுகிற ஆதிமூலத்தைப் பிடிக்க அதுதான் சுருக்கு வழி. இருசப்பன் அவ்வளவு தூரம் வலது பக்கம் ஒதுங்கி, கைப்பிடிச் சுவரைத் தோளால் உரசிக்கொண்டு, மௌலி சொன்னபடியே பார்த்துப் போனான்.